டின்னை இளக்காரமாகப் பார்க்காதீர்கள்

கோக்கீட்டோவுக்குத் தேங்காய் துருவ வேண்டாம். டின்னைத் திறந்தால் போதும். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்து அடைப்பிரதமன் வைக்கிற நாகர்கோவில் வீட்டில் வளர்ந்தவள் இதைச் சொல்வது ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். டிசம்பர் பிறந்தால் போதும், நியூயார்க்கில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் பானத்தை "நம்ம முறையில்" திருத்திச் செய்யும் குறிப்புகள் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. டின் பால் எதற்கு, புதிதாகப் பிழிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்கிறார் ஒருவர். இன்னொருவர் கருப்பட்டி போடச் சொல்கிறார். ஏலக்காய் இல்லாமல் எப்படி என்று மூன்றாமவர் கேட்கிறார். தேங்காய் என்ற பெயரைக் கேட்டாலே நமக்குள் ஒரு வாத்தியார் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

கோக்கீட்டோ என்பது கரீபியக் கடலில் இருக்கும் போர்ட்டோ ரீக்கோ தீவின் கிறிஸ்துமஸ் பானம். தேங்காய்ப் பால், இனிப்பேற்றிய தேங்காய்க் கிரீம், கண்டென்ஸ்டு மில்க், எவாப்பரேட்டட் மில்க், ரம், பட்டை, ஜாதிக்காய், அவ்வளவுதான் சரக்கு. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்து முடிந்த கையோடு மிக்ஸி ஓடத் தொடங்கும். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் வரை நிற்காது. நான் வேலை பார்க்கும் பிரசவ வார்டில் போர்ட்டோ ரீக்கோ வம்சாவளியினர் நிறையப் பேர். டிசம்பர் மாதத்தில் எங்கள் ஓய்வறை ஃபிரிட்ஜைத் திறந்தால் பெயர் எழுதி ஒட்டிய சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். டியூட்டி முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவதற்காக வைத்தவை. ஒரு வீட்டுப் பாட்டில்போல் இன்னொரு வீட்டுப் பாட்டில் இருக்காது. ஆனால் எல்லா வீட்டிலும் டின்தான்.

எங்கள் கட்டடத்தில் எதிர் ஃபிளாட்டில் இருக்கும் அம்மாளுக்கு வயது எழுபதுக்கு மேல். தீவின் தென்கரையில் உள்ள போன்சே நகரத்தில் பிறந்தவர். 1950களில் வேலை தேடி நியூயார்க்குக்கு விமானம் ஏறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. தாயின் மடியில் வந்தவர். கோக்கீட்டோ செய்ய நான் கற்றுக்கொண்டது அவருடைய அடுக்களையில்தான்.

முதல் வேலை அடுப்பில். ஒரு கப் தண்ணீரில் நாலைந்து பட்டைத் துண்டு, கொஞ்சம் கிராம்பு, ஒரே ஒரு அன்னாசிப்பூ, தட்டிய இஞ்சி. பாதியாக வற்றும்வரை கொதிக்கவிட்டு, ஆறவைத்து வடிகட்டிக்கொள்வார். பட்டைத் தூளை நேரே பாலில் கொட்டுவது அவருக்குப் பிடிக்காது. தூள் கரையாது, பாட்டிலின் அடியில் தங்கி, கடைசி மடக்கில் தொண்டையை அறுக்கும். அடுத்து டின்கள். தேங்காய்ப் பால் 400 மில்லி, தேங்காய்க் கிரீம் 425 கிராம், எவாப்பரேட்டட் மில்க் 354 மில்லி, கண்டென்ஸ்டு மில்க் 397 கிராம், ஒவ்வொன்றிலும் ஒன்று. மூடியின் மேல்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்காமல் எந்த டின்னிலும் திறப்பானை வைக்க மாட்டார். அந்த ஒரு பழக்கத்துக்காகவே எங்கள் வார்டில் அவரை வேலைக்கு எடுக்கலாம்.

தேங்காய்க் கிரீம் டின்தான் கொஞ்சம் பாடு படுத்தும். மேலே வெள்ளைக் கொழுப்பு கட்டியாகவும், அடியில் சர்க்கரைப் பாகு தனியாகவும் பிரிந்து கிடக்கும். டின்னைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் நிறுத்திவைத்தால் இளகிவிடும். எல்லாவற்றையும் மசாலாத் தண்ணீரோடு சேர்த்து, மிக்ஸி ஜார் சிறியது என்பதால் இரண்டு தடவையாக அடிப்பார். ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெனிலா. ஜாதிக்காயைத் துருவியில் நாலு இழுப்பு. ரம்மை மட்டும் மிக்ஸியில் ஊற்ற மாட்டார். பெரிய சட்டியில் பாலை மாற்றி, இரண்டு கப் ரம்மை மெல்ல விட்டுக் கரண்டியால் கலக்குவார். அவருக்குப் போன்சேயில் தயாராகும் டான் கியூ வெள்ளை ரம்தான் வேண்டும். ஊர்ப்பாசம். நான் வேறு ரம் வாங்கிக்கொண்டு போன அன்று அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்தார்.

பாட்டிலில் நிரப்பி, ஆளுக்கொரு பட்டைக்குச்சி போட்டு, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில். காலையில் எடுத்தால் பாட்டிலின் கழுத்தில் வெள்ளைக் கொழுப்பு ஒரு விரற்கடை உயரத்துக்கு உறைந்து அடைத்திருக்கும். கவிழ்த்தாலும் சொட்டு இறங்காது. தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழியில் நம் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் நடப்பதேதான். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அதை வாய்க்காலில் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி, பலமாகக் குலுக்கினால் சரியாகிவிடும். ஐஸ் போடக் கூடாது. அறுபது மில்லி பிடிக்கிற சின்னக் கிளாஸ் போதும்.

புதிதாகப் பிழிந்த பாலில் செய்தால் ருசி குறைந்துவிடுமா? குறையாது, முதல் நாள் பிரமாதமாகவே இருக்கும். சிக்கல் மூன்றாம் நாள் தொடங்குகிறது. கையால் பிழிந்த தேங்காய்ப் பாலில் கொழுப்பும் தண்ணீரும் சேர்ந்து நிற்பதில்லை. சில மணி நேரத்தில் மேலே ஆடை, கீழே நீர் என்று பிரிந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் சீக்கிரம் புளித்துவிடும். டின்னில் அடைத்த பால் அழுத்தத்தில் அடித்துச் சமப்படுத்தி, சூடாக்கிக் கிருமி நீக்கியது. எவாப்பரேட்டட் மில்க் என்பது பாலின் தண்ணீரில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை வற்றச் செய்தது. கண்டென்ஸ்டு மில்க்கைக் காப்பாற்றுவது சர்க்கரை. பத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்ப, வாரக்கணக்கில் வைத்துக் குடிக்கச் செய்கிற பானம் இது. பிழிந்த கையோடு பரிமாறுகிற பிரதமனுக்கு உள்ள நியாயம் இதற்குப் பொருந்தாது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பாரம்பரியம், பாரம்பரியம் என்கிறோமே, கோக்கீட்டோவின் பாரம்பரியமே டின்தான். கெயில் போர்டன் என்ற அமெரிக்கர் கண்டென்ஸ்டு மில்க்குக்குக் காப்புரிமை பெற்றது 1856இல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களின் மூட்டைக்குள் ஏறிய டின் அது. 1898இல் ஸ்பெயினிடமிருந்து போர்ட்டோ ரீக்கோ அமெரிக்கா கைக்குப் போனது. கடலோரச் சமவெளியைக் கரும்பு விழுங்கியது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகள், வெயிலில் அரை நாள் நிற்காத கறந்த பால். டின் பால் அந்த அடுக்களைகளில் இடம் பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தேங்காய்க் கிரீம் டின்னின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். போர்ட்டோ ரீக்கோ பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பேராசிரியராக இருந்த ராமோன் லோபேஸ் இரிசாரி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், அரசாங்கம் கொடுத்த உதவித்தொகையை வைத்துக்கொண்டு ஒரு காரியத்தில் இறங்கினார். தேங்காய்ச் சதையிலிருந்து கிரீமைச் சுலபமாகப் பிரித்தெடுக்க வழி கண்டுபிடிப்பது. அதுவரை துருவி, இடித்து, துணியில் கட்டிக் கையால் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்கள். அவர் கண்டுபிடித்து டின்னில் அடைத்ததுதான் கோகோ லோபேஸ். பீனா கொலாடா என்ற ரம் பானம் பிறந்ததும் இந்த டின்னிலிருந்துதான். தலைநகர் சான் ஹுவானில் அதைக் கண்டுபிடித்தது யார் என்று இன்றைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் சொந்தம் கொண்டாடுகின்றன. ஆக இன்று எல்லோரும் குடிக்கிற வடிவத்தில் கோக்கீட்டோவுக்கு என் எதிர் ஃபிளாட் அம்மாள் வயதுதான் இருக்கும்.

துணியில் கட்டிக் கையால் முறுக்கி என்றேனே, அது யாருடைய கை? "ஃபிரெஷ்ஷாகப் பிழிந்தால்தான் ருசி" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிழிகிறவர்கள் இல்லை என்பது என் அனுபவம். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி என் அம்மா பத்துப் பதினைந்து தேங்காய் துருவுவாள். ஆணம் வைக்க, ஆப்பத்துக்குப் பால் எடுக்க, பிரதமனுக்கு. விடிந்தால் வலது தோளைத் தூக்க முடியாது. பாதிரியார் பிரசங்கத்தின்போது ஒரு கையால் மறு தோளை அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்ட பிறகு, "பால் இந்தத் தடவை கொஞ்சம் தண்ணியா போச்சு" என்று தீர்ப்புச் சொன்னது ஆண்கள் உட்கார்ந்திருந்த திண்ணை.

அந்த அம்மாவே டின் விஷயத்தில் எனக்கு எதிர்க்கட்சிதான். போனில் கோக்கீட்டோ செய்முறையைச் சொன்னபோது, "தேங்காப் பாலுக்குப் போய் டின்னா மக்களே, உனக்குக் கையில்லையா?" என்றாள். "உன் கேரமல் புட்டிங்கில என்ன ஊத்துற?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது மில்க்மெய்டுல்லா. அது வேற" என்றாள். மில்க்மெய்ட் டின் வாங்காத கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டில் வந்ததில்லை. காலி டின்னைக்கூட வீணாக்காமல் அரிசி அளக்க வைத்திருப்பாள்.

டின்னுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரீக்கோவைப் புரட்டிப்போட்டது. தீவு முழுவதும் மின்சாரம் போனது. அந்த டிசம்பர் கடைசியிலும் ஏறக்குறைய பாதி இணைப்புகளுக்குக் கரண்ட் திரும்பியிருக்கவில்லை. என் எதிர் ஃபிளாட் அம்மாளின் தங்கை தீவின் நடுவே மலைப்பகுதியில் இருக்கிறார். ஃபிரிட்ஜ் இல்லை, மிக்ஸி இல்லை. தென்னைகளில் பாதிக்குத் தலையில்லை. பெட்டியில் இருந்த டின்களை உடைத்துச் சட்டியில் ஊற்றி, மரக்கரண்டியால் கலக்கி, அந்த வருடமும் கோக்கீட்டோ செய்தார்கள். குளிரவைக்க வழியில்லாததால் வெதுவெதுப்பாகவே குடித்தார்களாம். அக்காவும் தங்கையும் போனில் இதைப் பேசிச் சிரித்தது எங்கள் நடைபாதை வரைக்கும் கேட்டது.

தேங்காய் நம்முடையது, எனவே நாம் சொல்கிறபடிதான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. தேங்காய் உண்மையிலேயே நம் பக்கத்துச் சரக்குதான். 2011இல் உலகெங்குமிருந்து 1,300க்கும் மேற்பட்ட தென்னைகளின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. தென்னை இரண்டு இடங்களில் தனித்தனியே பயிருக்கு வந்தது என்று அது காட்டியது. ஒன்று பசிபிக் பகுதி. மற்றொன்று இந்தியப் பெருங்கடல், அதாவது தென்னிந்தியக் கரை, இலங்கை, மாலத்தீவு, லட்சத்தீவுச் சுற்றுவட்டம். அட்லாண்டிக் கரைகளில் நிற்கும் தென்னைகள் இந்த இரண்டாவது கூட்டத்தின் வாரிசுகள். வாஸ்கோ ட காமாவுக்குப் பிறகு போர்ச்சுக்கீசியர் கப்பலேற்றிக் கொண்டுபோய் மேற்கு ஆப்பிரிக்கப் பக்கம் வைத்த தென்னையின் பிள்ளைகள்தான் 16ஆம் நூற்றாண்டில் கரீபியத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஜாதிக்காய் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளிலிருந்து புறப்பட்டது. அந்தக் கூட்டத்தில் ரன் என்ற குட்டித் தீவை டச்சுக்காரர் வைத்துக்கொள்ள, பதிலுக்கு மன்ஹாட்டனை ஆங்கிலேயர் வைத்துக்கொள்ளலாம் என்று 1667இல் பிரேடாவில் உடன்படிக்கை எழுதினார்கள். மன்ஹாட்டன் வாடகையை நினைத்தால் டச்சுக்காரர்கள்மேல் எனக்குப் பரிதாபம் வரும். கரும்பு, பட்டை, பசு எல்லாமே கப்பலில் வந்தவை. இவ்வளவு தூரம் வந்த பிறகு அந்தத் தேங்காய் நம் பேச்சைக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பேரப்பிள்ளைகளே கேட்பதில்லை.

தீவுக்காரர்களுக்குள் நடக்கிற சண்டை டின்னைப் பற்றியதே இல்லை. முட்டையைப் பற்றியது. மஞ்சள் கரு சேர்த்தால் அது கோக்கீட்டோவே அல்ல, போஞ்சே என்ற வேறு பானம் என்பது ஒரு கட்சி. சேர்க்காவிட்டால் அது வெறும் மில்க் ஷேக் என்பது மறு கட்சி. எதிர் ஃபிளாட் அம்மாள் முதல் கட்சி, அவருடைய நாத்தனார் இரண்டாவது. இருவரும் பாட்டில் மாற்றிக்கொள்வார்கள், ருசியைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

முட்டை விஷயத்தில் நான் நர்ஸாகப் பேச வேண்டியிருக்கிறது. "ரம்தான் இருக்கிறதே, அது கிருமியைக் கொன்றுவிடும்" என்பார்கள். இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்து எக்னாக், அதாவது முட்டையும் பாலும் மதுவும் கலந்த பானம். ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற நுண்ணுயிரியலாளரின் குறிப்பு அது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை ஏ, பி என்று வகை பிரித்த அம்மையார் அவர். கர்ப்பிணிகளுக்கு 36, 37 வாரங்களில் நாங்கள் எடுக்கும் "குரூப் பி" பரிசோதனையில் இருக்கிற அந்த "பி" அவர் இட்டது. வார்டில் அந்தக் குச்சியைக் குப்பியில் போடும்போதெல்லாம் அந்த எக்னாக் என் நினைவுக்கு வரும். அவருடைய ஆய்வகத்தில் பச்சை முட்டை எக்னாக்கைத் தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்பே செய்து வைத்து, கிறிஸ்துமஸுக்குக் குடிப்பது வழக்கம். பிற்காலத்தில் அங்கேயே அதில் சால்மொனெல்லா கிருமியை வேண்டுமென்றே விட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்தும் கிருமி இருந்தது. மூன்று வாரத்தில் இல்லை.

ஆனால் அந்தக் குறிப்பில் ஒரு டஜன் முட்டைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரம்மும் போர்பனும் போகிறது. நம் கோக்கீட்டோவில் நாலு டின்னுக்கு இரண்டு கப் ரம். கணக்குப் போட்டால் சாராயம் 10 விழுக்காடு அளவில் நிற்கும், ஒயினுக்கும் கீழே. அதையும் செய்த மறுநாளே குடிக்கத் தொடங்கிவிடுவோம். அந்த ரம்மை நம்பிப் பச்சை முட்டையை உடைத்து ஊற்றுவது, அதுவும் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் வந்துபோகிற பண்டிகை வீட்டில், புத்திசாலித்தனம் இல்லை. முட்டை வேண்டுமென்றால் மஞ்சள் கருவை எவாப்பரேட்டட் மில்க்கில் அடித்து, சிறு தீயில் 71 டிகிரி வரும்வரை கைவிடாமல் கிளறுங்கள். கரண்டியின் பின்புறத்தில் பூசினதுபோல் நிற்கும். பிறகு ஆறவைத்துச் சேருங்கள். என் ஓட்டு என்னவோ முட்டையில்லாக் கட்சிக்குத்தான். தேங்காய்க் கொழுப்பே வாயை நிறைக்கும்போது கரு எதற்கு?

இன்னொன்று. இந்தப் பானம் ஆளை ஏமாற்றும். கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்றிலேயே 200 கிராமுக்குமேல் சர்க்கரை இருக்கிறது. ரம்மின் காரம் நாக்கில் தெரியவே தெரியாது. பாயசம் குடிக்கிற நினைப்பில் டம்ளரை நீட்டும் நம் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது டம்ளர். அறுபது மில்லி கிளாஸ் என்று அந்த அம்மாள் அடித்துச் சொல்வது கஞ்சத்தனத்தால் இல்லை. குழந்தைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் ரம் ஊற்றுவதற்கு முன்பே ஒரு பாட்டில் தனியாக எடுத்து, கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டுவிடுவார். சர்க்கரை வியாதிக்காரர்கள் இரண்டு பாட்டிலையும் பார்த்துவிட்டு நகர்வது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: தேங்காய்ப் பாலும் கண்டென்ஸ்டு மில்க்கும் பெரிய கடைகளில் கிடைக்கும். இனிப்புத் தேங்காய்க் கிரீம் கிடைக்காவிட்டால், இன்னொரு டின் தேங்காய்ப் பாலில் ஒரு கப் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, கொதிக்கவிடாமல் சிறு தீயில் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். எவாப்பரேட்டட் மில்க்குக்குப் பதிலாக ஒரு லிட்டர் பாலை நானூறு மில்லியாகச் சுண்டக் காய்ச்சி, ஏடு படியாமல் கிளறி, ஆறியதும் வடிகட்டுங்கள். இப்படிக் காய்ச்சிய பால் சேர்ந்தால் டின்னில் செய்ததுபோல் நாள்படத் தாங்காது. நாலைந்து நாளில் தீர்த்துவிட வேண்டும். ஜாதிக்காயை முழுசாக வாங்கிச் செய்கிற அன்றைக்கே துருவுங்கள். ரம்மும் அளவும் உங்கள் விருப்பம், இல்லாமலும் செய்யலாம்.